செத்த பிறகும் சொல்லமாட்டேன்

இல்லை. டயானா கொடுத்த மாத்திரைதான் மரியசெல்வத்தைக் கொன்றது என்று சொல்கிற வாய் எந்த வாயாக இருந்தாலும், கொப்பளித்துவிட்டு வந்து பேசட்டும். குழாயடியில் ஒன்று சொல்கிறார்கள். மீன் ஏலம் போடுகிற மணலில் ஒன்று சொல்கிறார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்தில் இன்னொன்று. தப்பான மாத்திரையாம். அடுத்தவள் சொன்னாள், தப்பானது இல்லையாம், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மருந்தை நம் ஆள் மேல் போட்டுப் பார்த்தாளாம். அதற்கும் மேலே ஒருத்தி, பேர் வேண்டாம், பேரன் காதுவலிக்காக டயானா வீட்டு வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்தவள், கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன பேச்சு என்று கண்ணைச் சுழற்றினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம். மரியசெல்வத்துக்கு என்ன நோய் என்பது இதில் எங்கேயும் வராது. அதைத் தெரிந்துகொள்ள மட்டும் வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

டயானா பிறந்தது மயிலாப்பூருக்குக் கிழக்கே, தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற குப்பத்தில். அவள் ஏழாவது படிக்கும்போது அப்பா ஆரோக்கியராஜ் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அம்மா பிலோமி ரோட்டோரத்தில் மீன் விற்று அவளை வளர்த்தாள். சத்தியம் என்பது பிலோமிக்கு ஐஸ் கட்டி மாதிரி. மீன் இருக்கிற இடத்தில் அதுவும் இருந்தாக வேண்டும். "மாதா சத்தியமா காலைல வந்த சங்கரா, செவுளப் பாரு" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிவிடுவாள். வந்தவர் நெற்றியில் குங்குமம் இருந்தால் அதே மீனுக்கு முண்டகக்கண்ணியம்மன் சாட்சி. பாய் வீட்டம்மா வந்தால் அல்லா மேல் ஆணை. மீன் முந்தாநாளையதாகக்கூட இருக்கும். மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள், அவளும் பிள்ளை வளர்த்தவள்தானே என்பது பிலோமியின் கட்சி. குப்பத்தில் யாரும் அதைப் பாவத்தில் சேர்த்ததில்லை.

இப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைதான் டாக்டருக்குப் படித்து முடித்தது. கல்லூரி மண்டபத்தில் கடைசி வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த பிலோமிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து கையை நீட்டி, ஒரே குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, அது ஜெபமா என்று கேட்டாள். ஜெபம் இல்லை, சத்தியம் என்றாள் டயானா.

"எந்தச் சாமி மேல?"

அதற்கு டயானா ஒரு பெரிய கதையே சொன்னாள். முதல் முதலில் சாமி மேல்தானாம். ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்து வைத்தியர்கள் அவர்கள் ஊர்ச் சாமிகளைச் சாட்சி வைத்தார்கள். நம் பக்கத்தில் சரகர் பேரில் இருக்கிற பழைய வைத்திய நூலில், படிக்க வந்த பிள்ளை நெருப்புக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குள் கண்டதை வெளியே பேசக்கூடாது என்று அதிலும் உண்டு. அப்புறம் வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை வந்தது. ஜெர்மனியில், சத்தியம் செய்த டாக்டர்களே கைதிகள் மேல் மருந்தைச் சோதித்துக் கொன்றார்கள். சாமியைச் சாட்சி வைத்தவன் கையும் இப்படிப் போகும் என்று தெரிந்ததும், பல தேசத்து டாக்டர்கள் ஜெனீவாவில் கூடிப் புதிதாக ஓர் உறுதிமொழி எழுதினார்கள். இங்கே எந்த உறுதிமொழியைச் சொல்வது என்று நடுவில் டிவியில் சண்டைகூட வந்தது. டயானாவின் கல்லூரியில் சொன்னது ஜெனீவாவில் எழுதினது. அதில் சாமி இல்லை.

"பின்ன எது மேல சத்தியம்?"

"என் மானத்து மேல."

பிலோமிக்கு அது பிடிக்கவில்லை. "மாதா இல்லாம ஒரு சத்தியமாடி? மாதா மாறமாட்டா. மானம் இன்னா நம்ம கையிலயா கீது? ஊரு வாயில இல்ல கீது."

டயானா சிரித்துவிட்டாள். ஆட்டோவில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

குப்பத்தில் அன்றைக்குப் பெரிய விழா. ஊர்த் தலைவர் பஞ்சாட்சரம் ரோட்டு முனையில் பேனர் கட்டியிருந்தார். அதில் டயானா முகம் ஒரு முழம், தலைவர் முகம் ரெண்டு முழம். பிரியாணி ஆனது. பிலோமி சும்மா இருக்காமல், பிள்ளை மானத்து மேல் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறது, அது என்ன ஏதென்று ஊர் கேட்க வேண்டாமா என்று ஆரம்பித்தாள். தலைவரே மைக்கைக் கொண்டுவந்து பிடித்தார். டயானா வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சாதி, மதம், தேசம் பார்க்கமாட்டேன் என்றதற்குக் கை தட்டினார்கள். நோயாளியின் நலமே எனக்கு முதல் என்றதற்குத் தட்டினார்கள். "என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன். அவர் செத்த பிறகும் சொல்லமாட்டேன்" என்றபோது, பிரியாணித் தட்டோடு முன்னால் நின்ற மரியசெல்வம் தலையைத் தூக்கினான்.

"செத்தப்பறமுமா?"

"செத்தப்பறமுந்தான் மாமா."

பக்கத்தில் நின்ற ரங்கன், மரியசெல்வத்தின் கூட்டாளி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "உன் ரகசியத்த வெச்சிக்கினு கருவாடா போடப் போறாங்க? துன்னு நைனா." கூட்டம் முழுக்கச் சிரித்தது. மரியசெல்வமும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவன் சும்மா கேட்கவில்லை என்பது பிலோமிக்கு நாலு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அந்த நாலு வருஷமும் டயானா பகலில் அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து முகம் கழுவி, வீட்டு முன் அறையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு போட்டு, குப்பத்து ஆட்களைப் பார்த்தாள். கதவைச் சாத்திப் பார்க்கிற பழக்கம் குப்பத்துக்குப் புதிது. இங்கே காய்ச்சல் என்றால் ஊரே கூட நின்று நாக்கை நீட்டச் சொல்லும். முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அதே கதவுக்காகத்தான் வந்தார்கள். குடியை விட முடியாதவன், புருஷனிடம் அடி வாங்கினவள், பிள்ளை வேண்டாம் என்றவள், பிள்ளைக்காக ஏங்கினவள் எல்லோரும் அந்தக் கதவுக்குள் போய் வந்தவர்கள். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது, உள்ளே என்ன சொன்னாள் என்று பிலோமி தூண்டில் போட்டுப் பார்ப்பாள். "மீன் நல்லா கீதும்மா" என்பாள் டயானா.

மரியசெல்வம் வந்தது நாலாவது வருஷம் ஆடியில். எல்லோரும் போன பிறகு வருவான். மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை கதவுக்குள் டயானாவின் குரல் உயர்ந்தது. கெஞ்சுகிற குரல். என்ன வார்த்தை என்று பிலோமிக்குக் கேட்கவில்லை. வெளியே வந்த மரியசெல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நெத்திலி கீதா" என்று கேட்டான். அவன் மீன்காரன். காசு கொடுத்து மீன் வாங்குகிறவன் இல்லை.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை ரங்கனும் அவனும் ஃபைபர் போட்டில் போனார்கள். காற்று இல்லை, அலை இல்லை. ரங்கன் பின்னால் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது முன்னால் மரியசெல்வம் இல்லை. நீந்தத் தெரியாத ஆள் இல்லை அவன். பிறந்த நாளிலிருந்து கடல்தான் அவனைக் குளிப்பாட்டி வளர்த்திருக்கிறது. மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். போலீஸ் வந்தது, நீரில் மூழ்கிச் சாவு என்று எழுதிக்கொண்டு போனது.

குப்பம் அதோடு விடுமா? நீந்தத் தெரிந்தவன் எப்படி முழுகுவான்? முதலில் எல்லாக் கண்ணும் ரங்கன் பக்கம் திரும்பியது. போன வாரம் வலை கிழிந்ததற்கு ரெண்டு பேரும் சண்டை போட்டது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ரங்கன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்கிற வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் மரியசெல்வத்தின் பெண்டாட்டி சகாயமேரி அவன் பழைய சட்டைப் பையில் ஒரு காகிதக் கவரைக் கண்டுபிடித்தாள். உள்ளே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த வெள்ளை மாத்திரைகள். பேர் இல்லை. கவர் மேல் டயானாவின் கையெழுத்து: காலை ஒன்று, இரவு ஒன்று. குப்பத்துக்கு மருந்துக் கடை வைத்திருக்கிற கரீமுல்லா பாய் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி நூறு வெள்ளை மாத்திரை இருக்கிறது, இது தன் கடையில் வாங்கினது இல்லை என்றார். ஒளித்து வைத்துச் சாப்பிட்ட மாத்திரை, வெளியே வாங்கிக் கொடுத்த மாத்திரை. போதாதா? சகாயமேரி டயானா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, என் புருஷனுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். டயானா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து அழுதாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

பெண்டாட்டிக்குக்கூடவா என்று பிலோமி அன்றைக்குக் கேட்டாள். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாதே என்றுதான் அவர் கேட்டுக்கொண்டார் என்றாள் டயானா. நீதிபதி உத்தரவு போட்டுக் கேட்டால் சொல்ல வேண்டிய சட்டம் இருக்கிறது, அங்கே சொல்வேன் என்றாள். குப்பத்துப் பஞ்சாயத்து அந்தச் சட்டத்தில் வரவில்லை. அது பஞ்சாட்சரத்துக்கு எப்படிப் புரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலைக்கூடத்தில் ஊர் கூடியது. பஞ்சாட்சரம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வழியைச் சுலபமாக்கித்தான் கொண்டுவந்தார். தரையில் ஒரு வாழை இலை. அதில் ஹிந்துக்களுக்குக் கற்பூரம், கிறிஸ்தவர்களுக்கு மெழுகுவர்த்தி. திருடினானா இல்லையா, வலையை அறுத்தானா இல்லையா, எல்லாமே இங்கே இப்படித்தான் தீரும். எரிகிறதைக் கையால் அணைத்து இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

"நோவு பேரு எங்களுக்கு வேணாம்மா," என்றார். "நீ பண்ண சத்தியத்துக்கு நான்தான் மைக்கு புட்ச்சேன், மறக்கல. ஒரே வார்த்தை. என் மாத்திரையால அவரு சாவலன்னு சொல்லி மெழுகுவத்திய அணை. முட்ஞ்சுது. நீ உன் வேலையப் பாரு, நாங்க எங்க வேலையப் பாக்கறோம்."

பிலோமிக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா? ஒரு சங்கராவுக்கு அவள் செய்கிறதுதானே. பெண் பக்கம் திரும்பிக் கண் காட்டினாள்.

டயானா மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"என்னால முடியாது மாமா."

"ஏம்மா?"

"எனக்குத் தெரியாதத சத்தியம்னு சொல்ல முடியாது. கடல்ல இன்னா நடந்துச்சின்னு நான் பாக்கல. எந்த மாத்திரைக்கும் இன்னொரு பக்கம் கீது. இல்லவே இல்லன்னு எந்த டாக்டரும் அடிச்சிச் சொல்ல முடியாது."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது, அலை உள்வாங்குகிற மாதிரி. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் ஊருக்குக் கேட்டது. பிலோமிக்கு என்ன ஆனதோ, எழுந்து ஓடினாள். இலைக்கு முன்னால் மண்டி போட்டாள். நான் பெத்தவள், அவளுக்காக நான் பண்ணுகிறேன் என்று மெழுகுவர்த்திக்குக் கையை நீட்டினாள். டயானா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"ம்மா. அது இன்னா மாத்திரைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ கைய எடு."

அத்தனை பேருக்கு முன்னால் பெற்ற மகள் அப்படிச் சொன்னாள். பிலோமி கையை எடுத்தாள். இத்தனை வருஷம் மீன் விற்றவள், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சத்தியத்தைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் அணைக்காத மெழுகுவர்த்தி தானாக எரிந்து இலையைக் கருக்கியது.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. வாயைத் திறக்கிற வரைக்கும் டயானாவிடம் யாரும் மருந்துக்குப் போகக்கூடாது. பிலோமி ஏலத்து மணலில் கால் வைக்கக்கூடாது. ரங்கன் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே கரைந்து போனது. பழி தங்க வேறு இடம் கிடைத்துவிட்டதே.

ஆனால் அந்த ரங்கன்தான் மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. தலைமுடி சீவாமல், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

"டாக்டரம்மா, நான் சண்டைக்கு வரல. ஒன்னே ஒன்னு. அவன் மாத்திரை துன்னுகினு கீறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவன போட்ல ஏத்தியிருக்க மாட்டேன் இல்ல?"

டயானா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.   சரி, நான் வரேன் என்று ரங்கன் போய்விட்டான். அவன் முனை திரும்புகிற வரைக்கும் தாங்கியிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊர் பேசினதற்கெல்லாம் அழாத பெண், ஒரு கேள்விக்கு அழுதாள். பிலோமி அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் சொல்லு, பெத்தவகிட்டச் சொன்னா மண்ணுல புதைச்ச மாதிரி என்றாள். அதைச் சொன்னபோதே, அது பொய் என்று பிலோமிக்குத் தெரியும். அவள் வாயில் வெற்றிலைகூட நிற்காது.

"உயிரோட கீறப்போ நான் வாயத் தொறந்திருக்கணுமோம்மா," என்றாள் டயானா. "அடுத்தவன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லலாம்னு படிச்சோம். அவரு உயிருக்கே ஆபத்துன்னா? அவரு வேணாம்னு கால்ல விழுந்தா? அதுக்கு புக்குல ஒரு மாரி போட்டிருக்கு, எம்மனசு வேற மாரி சொல்லுது. செத்தப்பறம் மூடறது சுலபந்தாம்மா. அப்போ மூடினதுதான்…"

 நல்லவள் செய்தது எல்லாம் சரி என்று இங்கே யாரும் சாதிக்க வரவில்லை. அவளே அப்படிச் சாதிக்கவில்லை. கொன்றாள் என்று சொல்லாதே, அவ்வளவுதான் பேச்சு.

பதினோரு நாள் பிலோமி ஏலத்துக்குப் போகவில்லை. வேறு குப்பத்தில் மீன் எடுத்து, பழைய இடத்தில் கூடையை வைத்து உட்கார்ந்தாள். ஒரு வாடிக்கைக்காரி வந்து, இன்றைக்கு வந்த மீனா என்று கேட்டாள். பிலோமியின் வாய் பழக்கத்தில் திறந்தது. மாதா என்கிற வரைக்கும் வந்தது. அப்படியே நின்றது. "நேத்து மீனு," என்றாள். "ஐஸ்ல வெச்சது." வந்தவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க மூன்று மீன்தான் விற்றது.

அதைக் கேள்விப்பட்டதும் டயானா முடிவு செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஃபிசா என்கிற நர்ஸின் கோடம்பாக்கத்து வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. நான் இந்த வீட்டில் இல்லையென்றால் உன்னை ஏலத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்றாள். பிலோமி கத்தினாள், சாப்பிடாமல் கிடந்தாள், துணிப்பையைப் பிடுங்கி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியும்.

கிளம்புகிற நாள் சனிக்கிழமை, காலை பத்து மணி. நல்ல வெயில். பார்க்க வேண்டுமென்று வந்தவர்கள் பார்க்காத மாதிரி எதிர்வீட்டு நிழலில் நின்றார்கள். சகாயமேரியும் நின்றாள். அப்போது அவள் மகள் அனு, நந்தனம் கல்லூரியில் படிக்கிற பெண், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக டயானா வீட்டு வாசலில் ஏறினாள். பஞ்சாயத்துத் தடை போட்ட வாசல். சகாயமேரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அனு திரும்பவில்லை.

"அப்பாவப் பத்திக் கேக்க வரலக்கா," என்றாள். "அம்மா கேட்டும் சொல்லல, ஊரே கேட்டும் சொல்லல. அத்தொட்டுதான் வந்தேன். எனக்கு ஒன்னு சொல்லணும்."

டயானா கட்டிய பையைக் கீழே வைத்தாள். மேஜை ஏற்கெனவே கவிழ்த்துப் போட்டிருந்தது. பெஞ்சு மட்டும் இருந்தது. கதவைச் சாத்தினாள்.

பிலோமி வாசற்படியில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். கதவில் காது வைத்தால் எல்லாம் கேட்கும், பலகை அவ்வளவு மெல்லிசு. அவள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர் நிழலில் இருந்து ரெண்டு பேர் நகர்ந்து கிட்டே வரப் பார்த்தார்கள். பிலோமி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். மீன் செவுளைத் தூக்கிக் காட்டுகிற கைக்கு மீன் அரிகிற கத்தியும் தெரியும் என்று அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நின்றுவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அனுவின் முகம் அழுதிருந்தது. கையில் டயானாவின் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு மடித்து வைத்திருந்தாள். எதிரே போய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். சகாயமேரி நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்தாள். பிலோமியின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இன்னாக்கா பேசினாங்க? உனக்குக் கேட்டிருக்கும். எம் பொண்ணுக்கா, இன்னா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் பிலோமி. மாதாவைக் கூப்பிடவில்லை. அம்மனையும் அல்லாவையும் கூப்பிடவில்லை. சகாயமேரி அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மகளிடம் போனாள்.

டயானா பெஞ்சைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். குனிந்து செருப்பு மாட்டும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிற நாளில் பிடித்த அதே இடம்.

"வரேம்மா."

ரோட்டு முனையில் பழைய பேனரின் கட்டைகள் மட்டும் இன்னும் நின்றன. அவற்றுக்கு நடுவே நடந்து டயானா பஸ் ஸ்டாப் பக்கம் போனாள்.